நாற்பத்து மூன்றாவது குரோமோசோம்

1

விசாப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: "உங்கள் வேலையை ஒரு வரியில் விவரிக்கவும்." தொண்ணூற்று மூன்றில் இந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில் அதை நிரப்பியபோது, "குரங்கின் கருவிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து வளர்ப்பது" என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வெள்ளை மையால் அதை அழித்து, "ஆய்வக நிபுணர்" என்று தானே எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் நிபுணர்.

இந்த அக்டோபரோடு ஐந்து வருடம் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து வரும் கடிதங்களில் நலம் விசாரித்து முடிந்ததும், "குரங்க வெச்சு அங்க என்னதான் பண்றே?" என்ற கேள்வி தவறாமல் இருக்கும். பெருந்துறையில் என்னோடு படித்த தோழி ஒருத்தி, சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு விளக்குப் போடுகிறவள், "பாவத்தைச் சேத்துக்காத எஸ்தரு" என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள். இத்தனை வருடமும் "ஆராய்ச்சி" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எல்லோரிடமும் ஒப்பேற்றிவிட்டேன். இனி அது செல்லாது.

படிவம் இந்த வருடம் மறுபடி வந்தது. விசா டிசம்பர் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் படிவத்தோடு என் மேலதிகாரி ரூத் கையெழுத்திட்ட கடிதமும் போக வேண்டும். கணவர் சாமுவேலும் மகள் ஜெனியும் என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே இருக்கிறார்கள். கோவை மில்லில் நூறு பேரை வேலை வாங்கிய சூப்பர்வைசர் சாமுவேல், இங்கே சட்டப்படி ஒரு நாள்கூட வேலைக்குப் போகக் கூடாது. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். ஆக ஒரு கையெழுத்தில் மூன்று பேருடைய பிழைப்பு. அந்தக் கையெழுத்துக்கும் எங்களுக்கும் நடுவில் இந்த வருடம் ஒரு குரோமோசோம் வந்து நின்றது. அந்தக் கதையை எழுதிவிடுகிறேன்.

2

முதலில் குரங்கு. சென்னிமலைப் படிகளில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே, அதன் வடநாட்டுப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீசஸ் குரங்கு என்பார்கள். கருத்தரித்து ஒரு வாரம் ஆன கருவை, அறுவை இல்லாமல், கருப்பையைக் கழுவி எடுக்கிறோம். கரு கண்ணுக்குத் தெரியாது. குரங்குக்கு மறுநாள் வாழைப்பழம் கிடைக்கும். தோழிக்கு இது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் எலிகளைப் பற்றிக் கேட்டால் என்னிடம் ஆறுதலான பதில் இல்லை.

அந்தக் கருவின் வெளி உறையை ஒரு சீரத்தால் கரைத்துவிட்டால், உள்ளே ஒரு சிட்டிகை செல்கள் இருக்கும். அவைதான் ஸ்டெம் செல்கள். எலும்பாகவும் ஆகலாம், ஈரலாகவும் ஆகலாம், நரம்பாகவும் ஆகலாம், ஆனால் இன்னும் ஒன்றுமே ஆகவில்லை. அவற்றை அந்த நிலையிலேயே, எதுவாகவும் ஆகவிடாமல், பெருகிக்கொண்டே இருக்கச் செய்வதுதான் எங்கள் வேலை. எலியில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். பன்றியிலும் பசுவிலும் எத்தனையோ பேர் முயன்று கைவிட்டார்கள். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பெருந்துறைப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்த நான், பசுவில் முயலலாம் என்ற ஆசையில்தான் வந்தேன். கிடைத்தது குரங்கு.

செல்கள் தனியாக வளராது. கீழே எலியின் செல்களைப் பாய் மாதிரி பரப்பி, அதன் மேல் விட வேண்டும். தினமும் பழைய திரவத்தை மாற்றிப் புதிது ஊற்ற வேண்டும். ஞாயிறு, கிறிஸ்துமஸ், பனிப்புயல் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒரு முறை கூட்டம் கூட்டமாகக் கிள்ளி எடுத்து வேறு தட்டில் வைக்க வேண்டும். நாற்றுப் பறித்து நடுவது போன்ற வேலை என்பதால் எனக்குள் அதை "நடவு" என்றே சொல்லிக்கொள்வேன். முதல் நடவு, பத்தாவது நடவு, நாற்பதாவது நடவு என்று கணக்குப் போகும். சில நடவுகளில் கொஞ்சத்தை எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிடுவோம். ஊரில் சினை ஊசிக்கான விந்தையும் இதில்தான் கொண்டுபோவேன் என்பதால், நைட்ரஜன் கேன் எனக்குப் பழைய சிநேகிதம். இங்கே ஆவி பறக்கும்போது மற்றவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள், நான் போகமாட்டேன்.

ஒன்பது கருக்களில் எட்டு பிழைக்கவில்லை. ஒன்பதாவது பிழைத்தது. அதிலிருந்து வந்த செல்களுக்கு "ஒன்பது" என்றே பெயர். ரூத்தின் பத்து வருட உழைப்பு, அடுத்த நிதி, என் விசா எல்லாம் அந்த ஒன்பதின் தலையில்.

3

ரூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், மேஜையில் நின்றுகொண்டே சாப்பிடுவார். முதல் நாளே "என்னை ரூத் என்று கூப்பிடு" என்றார். எனக்கு வாய் வரவில்லை. ஆறு மாதம், அவரோடு பேச வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நிற்பேன். அவராகத் திரும்பிப் பார்த்துத் திடுக்கிடுவார். ஜெனிக்கு அம்மை போட்டிருந்தபோது ஒரு பானை சூப்போடு பனியில் நடந்து வந்தவரும் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இந்த இடத்தில் எங்கள் அப்பாவையும் சொல்லிவிட வேண்டும். அப்பா மாணிக்கம், நிலக்காரரான ஒரு பண்ணாடியின் தோட்டத்தில், அவர் கொடுத்த சாளை வீட்டில் குடியிருந்துகொண்டு, முப்பது வருடம் மாடுகளைப் பார்த்துக்கொண்டவர். ஒரு முறை எருமைக்கு வயிறு உப்பிவிட்டது. பண்ணாடி வந்து பார்த்துவிட்டு, "பலமில்லாமத்தான் படுத்திருக்குது மாணிக்கம், பருத்திக்கொட்டைய நல்லா அரைச்சு வெய்யி" என்றாராம். உப்பிய வயிற்றுக்குப் பருத்திக்கொட்டை வைத்தால் எருமை செத்துப்போகும். அப்பா, "ஆகட்டுங்க பண்ணாடி" என்றார். அவர் தலை மறைந்ததும் பருத்திக்கொட்டையை எருக்குழியில் கொட்டிவிட்டு, எருமைக்குக் கடலை எண்ணெய் புகட்டி, கட்டுத்தரையைச் சுற்றி நடக்கவிட்டார். விடியும்போது எருமை அசை போட்டது. பண்ணாடி வந்து, "பாத்தயா? பருத்திக்கொட்டை வெச்சதும் எந்திரிச்சிருச்சு" என்றார். அப்பா, "ஆமாங்க பண்ணாடி" என்றார்.

இந்தக் கதையை அப்பா எங்கள் ஊட்டில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பெரியவர் வாயிலிருந்து தப்பாக ஒன்று வந்துவிட்டால் மறுத்துப் பேசக் கூடாது. "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு, சரியானதைச் சத்தமில்லாமல் செய்துபோட வேண்டும். காரியமும் நடக்கும், அவருடைய மரியாதையும் கெடாது. இதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான் வளர்ந்தேன். பெருந்துறையில் வேலை பார்த்தபோதும் மேலே இருந்த டாக்டர்களிடம் இப்படித்தான் நடந்துகொண்டேன். நல்ல பெயரும் வாங்கினேன்.

4

செல்கள் வெகுநாள் வளர்ந்தால் சில சமயம் உள்ளுக்குள் கெட்டுப்போகும். வெளியே பார்க்க முன்பைவிடச் செழிப்பாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் குரோமோசோம்களை எண்ண வேண்டும். ரீசஸ் குரங்குக்கு நாற்பத்திரண்டு.

எண்ணுவது லேசான வேலை அல்ல. பிரியப் போகும் செல்லை நடுவழியில் நிறுத்தி, தண்ணீர் குடிக்கவிட்டு உப்பவைத்து, கண்ணாடித் தகட்டின் மேல் உயரத்திலிருந்து சொட்டாக விட வேண்டும். விழுந்த வேகத்தில் செல் உடைந்து குரோமோசோம்கள் சிதறிக் கிடக்கும். சாயம் போட்டு, போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி பார்த்துத் தாளில் ஒட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேலை செய்கிற மாதிரி இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதின் நாற்பத்து நான்காவது நடவு. இருபத்தொரு ஜோடியை ஒட்டி முடித்த பிறகு மேஜையில் ஒரு துண்டு மிஞ்சியது.

கைதவறி வேறு போட்டோவிலிருந்து வந்திருக்கும் என்று தேடினேன். இல்லை. மறுபடி எண்ணினேன். எண்ணும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. களத்தில் அப்பா வள்ளத்தால் தானியம் அளக்கும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போவார். எனக்கும் அதுதான் வாயில் வரும். குரங்கின் குரோமோசோமையும் லாபம் என்றுதான் தொடங்குவேன். அன்றைக்கு அதன் மேலேயே சந்தேகம் வந்து, ஒன்றிலிருந்து இங்கிலீஷில் எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் நாற்பத்து மூன்றுதான் வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு ரூத்திடம் போனேன். அவர் விமானத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் கோட்டு.

"பக்கத்துச் செல்லிலிருந்து தெறித்திருக்கும். ஒன்பது நன்றாக இருக்கிறது எஸ்தர், பார்த்தாலே தெரிகிறது. மறுபடி ஒரு முறை செய்" என்றார்.

"சரி" என்றேன்.

மறுபடி செய்தேன். முப்பது செல்களை எண்ணினேன். இருபத்திரண்டில் நாற்பத்து மூன்று. அந்த முப்பது தாளையும் அவர் மேஜையில் வைத்திருந்தால் இந்தக் குறிப்புகளுக்கு அவசியமே இருந்திருக்காது. வைக்கவில்லை. அடுத்த வாரம் அவர் திரும்பி வந்ததும் நிதி கொடுப்பவர்கள் முன்னால் ஒன்பதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த நேரத்தில் போய், "நீங்கள் சொன்னது தப்பு" என்று எப்படிச் சொல்வது? எனக்கு அந்த எண்ணமே கூச்சமாக இருந்தது.

5

நைட்ரஜன் கேனில் பன்னிரண்டாவது நடவில் உறையவைத்த ஆறு குழாய்கள் இருந்தன. ஒன்றை எடுத்து உருக்கி வளர்த்தேன். எண்ணினேன். முப்பதுக்கு முப்பது செல்லும் நாற்பத்திரண்டு. கெடுவதற்கு முந்தைய ஒன்பது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் ஆய்வகத்துக்குப் போனேன். நல்ல செல்களைப் பெருக்கினேன். கெட்டவற்றைப் பிளீச்சில் கொட்டினேன். பழைய தட்டுகள் இருந்த இடத்தில் புதிய தட்டுகளை வைத்து, மூடியில் "ஒன்பது, நாற்பத்தெட்டாம் நடவு" என்று எழுதினேன். உண்மையில் அது பதினைந்தாம் நடவு. பதிவேட்டிலும் நாற்பத்தெட்டு என்றே எழுதினேன். எழுதும்போது தப்பு என்றே தோன்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ரூத்திடம் புதிய தாள்களைக் காட்டினேன். நாற்பத்திரண்டு.

"பார்த்தாயா? நான் சொன்னேனே" என்றார்.

"ஆமாம்" என்றேன். அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. மாணிக்கத்தின் மகள் என்ற பெருமைகூட இருந்தது.

ஒரே ஒரு உறுத்தல். பிப்ரவரியில், தெற்கு மாநிலம் ஒன்றில் இருந்த வேறொரு ஆய்வகத்துக்கு ஒன்பதின் செல்களை அனுப்பியிருந்தோம். பெட்டியைக் கட்டியதே நான்தான். அவை நாற்பதாம் நடவுக்குப் பக்கத்தில் எடுத்தவை. நிச்சயமாகக் கெட்டவை. அதற்கும் ஒரு வழி செய்தேன். நல்ல செல்களில் இரண்டு குழாய்களை அனுப்பி, "இவை இன்னும் நன்றாக வளர்கின்றன, முடிந்தால் இவற்றைப் பயன்படுத்துங்கள்" என்று ஒரு சீட்டு வைத்தேன். மரியாதையான சீட்டு.

ஏப்ரல் கடைசியில் அங்கிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஆலன் என்ற ஆராய்ச்சி மாணவர் எழுதியிருந்தார். தங்களுக்குக் குரோமோசோம் எண்ணிக்கை சரியாக வரவில்லை என்றும், தகடு தயாரிப்பதில் ஏதாவது நுணுக்கம் இருந்தால் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். ரூத் அதை என்னிடம் கொடுத்து, "உன் கை யாருக்கும் வராது, நீயே பதில் எழுது" என்றார். எழுதினேன். எவ்வளவு உயரத்திலிருந்து சொட்டு விடுவது, தகடு எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும், உப்பவைக்க எத்தனை நிமிடம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அத்தனையும் சரியான தகவல்கள்.

6

செப்டம்பரில் ரூத் கட்டுரையை எழுதி முடித்து என்னிடம் படிக்கக் கொடுத்தார். ஆசிரியர் பெயர்களில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. "மாணிக்கம், எஸ்தர்" என்று அப்பா பெயரை முன்னால் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையின் பெருமையே ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது. நாற்பத்தெட்டு நடவுக்குப் பிறகும் ஒன்பதின் குரோமோசோம்கள் மாறவில்லை என்பது. அடுத்த பக்கத்தில் எலிகள். செல்களை எலிக்குள் செலுத்தினால் கட்டியாக வளரும். அதை அறுத்துப் பார்த்தால் எலும்பு, குடல், நரம்பு எல்லாம் கலந்து கிடக்கும். எதுவாகவும் ஆக முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் கட்டிகள் முப்பத்தெட்டாம் நடவிலிருந்து வந்தவை. கெட்ட செல்களாகத்தான் இருக்க வேண்டும். எண்ணிக்கையோ நான் மாற்றிவைத்த நல்ல செல்களுடையது. ஒரு மாட்டின் தலையை வேறொரு மாட்டின் உடம்போடு ஒட்டியிருந்தது அந்தக் கட்டுரை. ஒட்டியது நான். இதை நம்பி வேறு ஊர்களில் யார் யாரோ வேலையைத் தொடங்குவார்கள்.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். சாமுவேல் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இப்ப எதுக்கு புள்ள இதைக் கிளப்பறே? டிசம்பர் தாண்டட்டும். கையெழுத்து வாங்கினதுக்குப் பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

ஜெனிக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் புரியும். பேசினால் எல்லோருக்கும் "நீ"தான். "ங்க" வரும் வழியில் எங்கோ விமானத்தில் விழுந்துவிட்டது. "நீ ஏன் அவங்ககிட்ட சும்மா சொல்லலை? ஃபார்ட்டி த்ரீன்னு?" என்று கேட்டாள். அவளுக்குக் கோபமோ அதிர்ச்சியோ இல்லை, நிஜமாகவே புரியவில்லை. பண்ணாடி, எருமை, பருத்திக்கொட்டை என்று அந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவே இல்லை. "அந்த ஆள் அதையே இன்னொரு பஃபலோவுக்குக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

ஞாயிறு காலை அப்பாவுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். பெருந்துறை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் எஸ்டிடி பூத்தில் காத்திருப்பார்.

"ஏங்கண்ணு, நல்லா இருக்கறயா? பனி உளுகுதா?"

"இன்னும் இல்லீங்கப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். குரோமோசோம் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, விஷயம் புரிந்துவிட்டது.

"சொல்லிப்போடாத கண்ணு. விசாக் காயிதம் முக்கியம். புள்ளை படிப்பு என்னாகறது?"

"பண்ணாடிகிட்ட நீங்க சொல்லாம சமாளிச்சீங்களே, அப்படித்தானுங்கப்பா நானும் செஞ்சுபோட்டேன்."

பூத்துக்காரரிடம் அவர் கதவைச் சாத்தச் சொல்வது கேட்டது.

"அது சமாளிப்பு இல்ல அம்மணி" என்றார். "வேண்டாமுங்கன்னு சொன்னா அன்னைக்கே சாளையக் காலி பண்ணச் சொல்லிப்போடுவாரு. உங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு எங்க போறது? பயந்துக்கிட்டுத்தான் ஆகட்டுங்கன்னேன். ஊட்டுக்கு வந்து உங்ககிட்ட அப்படியே சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுதான் சிரிப்பா மாத்திச் சொல்லிப்போட்டேன்."

அப்பா பயந்தவர் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பிறகு அவர் மழையைப் பற்றிப் பேசினார். நானும் பேசினேன்.

7

திங்கட்கிழமை முப்பது தாள்களையும் எடுத்துக்கொண்டு ரூத்தின் அறைக்குப் போனேன். எறிய மனமில்லாமல் அவற்றை ஒரு உறையில் போட்டு வைத்திருந்தேன். விசாக் கடிதம் அவர் மேஜையில், மற்ற காகிதங்களுக்கு மேலே இருந்தது.

கோவையாக ஒன்றும் சொல்ல வரவில்லை. மிஞ்சிய துண்டில் தொடங்கி, பிளீச், பதிவேடு, ஃபேக்ஸ் என்று சொல்லி முடித்தேன். ரூத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். உதடு அசைய எண்ணினார்.

"மார்ச்சிலா?"

"மார்ச்சில்."

"ஏன் இதை அப்போது காட்டவில்லை?"

"தெறித்திருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள்."

"ஒரு தாளைப் பார்த்துச் சொன்னேன். நான் அவசரத்தில் இருந்தேன், அது என் தப்பு. ஆனால் முப்பதை நீ காட்டவில்லை."

"உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எஸ்தர், எனக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்ள உன்னை யார் கேட்டது? உன்னை எண்ணச் சொன்னேன்."

கட்டுரை நிறுத்தப்பட்டது. பன்னிரண்டாவது நடவிலிருந்து எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும், எலிகள் உட்பட. நிதி என்னாகும் என்று தெரியாது. பதிவேட்டில் நான் பொய்யாக எழுதிய பக்கங்களில், நடந்தது என்ன என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு நாள் முழுக்க அதைச் செய்தேன்.

விசாக் கடிதத்தை அவர் எடுத்து இழுப்பறையில் வைத்தார். "இதில் நான் கையெழுத்துப் போட முடியாது. கோபத்தால் அல்ல. உன் பதிவுகளை முழுமையாக நம்பலாம் என்று இதில் ஒரு வரி இருக்கிறது" என்றார். டிசம்பர் வரை வேலை பார்க்கலாம் என்றும் சொன்னார். மறுநாள் சாமுவேல் பழைய மில் நண்பர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். தன் கணக்கு டீச்சரை ஊருக்குக் கொண்டுபோக முடியாதா என்று ஜெனி கேட்டாள்.

8

அன்று ரூத் சொன்ன இன்னொன்று, தெற்கே இருக்கும் அந்த ஆய்வகத்துக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்பது. "நீயே பேசு" என்றார்.

பேசினேன். ஒரு பெண் எடுத்தார். என் பெயரைச் சொல்லி, நாங்கள் அனுப்பிய செல்கள் கெட்டவை என்றும் சொல்லிவிட்டு, ஆலன் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"ஆலனா? அவர் ஜூனிலேயே போய்விட்டாரே."

"வேறு ஆய்வகத்துக்கா?"

"இல்லை, இந்தப் படிப்பையே விட்டுவிட்டார். அவருக்கு எண்ணிக்கை வரவேயில்லை. எத்தனை முறை செய்தாலும் ஒன்று அதிகமாகவே சொல்வார். உங்கள் செல்களில் தப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அவரும் நினைக்கவில்லை. நீங்கள்தானே அந்தப் பெரிய ஃபேக்ஸை அனுப்பினீர்கள்? அதைச் சுவரில் ஒட்டிவைத்து, அதில் இருந்தபடியே செய்து பார்த்தார். அப்போதும் வரவில்லை. இந்த வேலைக்குத் தனக்குக் கை வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அவருடைய அப்பாவின் பெயிண்ட் கடையில் இருப்பதாகக் கேள்வி."

நான் அனுப்பிய புதிய குழாய்கள் என்னவாயின என்று கேட்டேன். அவை உறைபெட்டியில் அப்படியே இருந்தன. யாரும் அவசரம் என்று நினைக்கவில்லை.

கடையின் முகவரியை வாங்கிக்கொண்டேன். ரூத்திடம் சொன்னபோது அவர் அந்த முகவரியைத் தானும் குறித்துக்கொண்டார். அந்தத் துறைத் தலைவருக்குத் தானும் எழுதுவதாகச் சொன்னார்.

ஆலனுக்கு நான் எழுத வேண்டிய கடிதம் நான்கு நாள் இழுத்தது. முதலில் நலம் விசாரித்து, வருத்தம் தெரிவித்து, சூழ்நிலையை விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லாத கடிதம். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். பிறகு எழுதியதில் மூன்று வரிதான் இருந்தது. "நீங்கள் எண்ணியது சரி. அவை நாற்பத்து மூன்றுதான். உங்கள் ஃபேக்ஸ் வந்த நாளிலேயே அது எனக்குத் தெரியும்."